மலாக்காவின் வெற்றுக் கல்லறை

நாட்காட்டியின்படி அது இளவேனிலின் தொடக்கம். பங்குனித் திங்களின் முற்பகுதி. ஆயினும், நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே கிடக்கும் மலாக்காவுக்கு வசந்தம் என்று தனியே ஒரு பருவம் இல்லை. அங்கே ஆண்டைப் பகுப்பது காற்றுதான். வடகிழக்குக் காற்று தளர்ந்து, தென்மேற்குக் காற்று இன்னும் எழாத இடைவேளையில், தவக்காலத்தின் ஒரு காலைப்பொழுதில் புனித பவுல் குன்றின் படிகளில் நாம் ஏறினோம்.

மலாக்காவைப் படைத்ததும் அந்தக் காற்றே எனலாம். சீனத்திலிருந்து வரும் கலங்களும் இந்தியாவிலிருந்து வரும் கலங்களும் சந்தித்துச் சரக்கு மாற்றி, காற்றுத் திரும்பும்வரை காத்திருக்கும் துறையாக இந்நகர் 15ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. அதன் கடைத்தெருவில் 84 மொழிகள் ஒலித்தன என்று 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வாழ்ந்த போர்த்துக்கீசியர் தோமே பீரேஸ் எழுதி வைத்தார். அவற்றுள் தமிழும் ஒன்று. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற வணிகரின் வழிவந்த மலாக்காச் செட்டிகள் இன்று மலாய் மொழி பேசினும், முன்னோரின் வழிபாட்டைக் கைவிட்டாரில்லை. 1781இல் எழுந்த அவர்களது விநாயகர் கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது.

1511இல் அல்புகெர்க்கின் படை இந்நகரைக் கைப்பற்றியது. குன்றின் அடிவாரத்தில் எழுந்த கோட்டைக்குப் பள்ளிவாசல்களையும் மலாய் அரசர்களின் கல்லறைகளையும் பெயர்த்துக் கற்கள் எடுத்தனர் என்பதைப் போர்த்துக்கீசியர் தாமே எழுதிய வரலாறு சொல்கிறது. கத்தோலிக்கராகிய நாம் இதைப் படித்துவிட்டு விரைந்து பக்கத்தைப் புரட்டிவிடலாகாது. சிலுவை இந்நகருக்குப் பீரங்கியின் துணையுடன் வந்தது. பிறர் புனிதமாகப் போற்றிய கற்களின்மேல் நின்றது. இவ்வுண்மையை மறைப்பதால் நம் திருச்சபைக்குப் பெருமை சேராது.

குன்றின் உச்சியில் கூரையற்ற ஆலயம் ஒன்று நிற்கிறது. 1521இல் அன்னை மரியாவின் பெயரால் சிற்றாலயமாக எழுப்பப்பட்டு, 1548இல் இயேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. நம் முத்துக்குளித்துறையில் கடலோர மக்களிடையே உழைத்த புனித பிரான்சிஸ் சவேரியார், 1545இல் முதன்முறையாக மலாக்காவில் கால்வைத்தார். மொலுக்கஸ் தீவுகளுக்குச் சென்றதும் இவ்வழியே. 1547இல் அஞ்ஜிரோ என்னும் சப்பானியரைச் சந்தித்ததும் இந்நகரில்தான். அச்சந்திப்பே 1549இல் அவரைச் சப்பான் நாட்டுக்கு இட்டுச் சென்றது.

1552இல் அவர் மீண்டும் வந்தார். இம்முறை அவர் நாடியது சீனம். தியோகோ பெரைரா என்னும் வணிக நண்பர் அரச தூதராகச் செல்ல, அவருடன் தாமும் செல்வது திட்டம். ஆனால் மலாக்காவின் கடற்படைத் தலைமையை ஏற்றிருந்த தோம் அல்வாரோ தெ அத்தாயிதே குறுக்கே நின்றார். வாஸ்கோடகாமாவின் மகனான அவர், பெரைராவைச் செல்லவிடாமல் தடுத்து, கப்பலின் சுக்கானையே கைப்பற்றிக்கொண்டார். தூதுக்குழு கலைந்தது. பெரைராவின் கப்பலிலேயே, பெரைரா இல்லாமல், சவேரியார் புறப்பட்டார். அவ்வாண்டு திசம்பர் 3ஆம் நாள், சீனக் கரையை எட்டாமலே, சான்சியான் தீவில் உயிர் நீத்தார். அவரைத் தடுத்தவர்கள் வேற்றுச் சமயத்தார் அல்லர். ஒரே பலிபீடத்தில் நற்கருணை உண்டவர்கள்.

வடகிழக்குக் காற்று ஓயுமுன் அவருடலைச் சுமந்து அதே கப்பல் திரும்பியது. 1553 மார்ச் 22ஆம் நாள், நாம் குன்றேறிய இதே பருவத்தில், மலாக்கா மக்கள் மெழுகுதிரி ஏந்தி அவ்வுடலை இந்த ஆலயத்துக்குக் கொண்டுவந்தனர். எதிர்கொண்டு வரவேற்றவர்களுள் பெரைராவும் ஒருவர். உடல் பெட்டியின்றி மண்ணில் வைக்கப்பட்டது. மேற்கே செல்லும் காற்றுக்காக ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் அது இங்கே தங்கியிருந்து, திசம்பரில் கோவாவுக்குக் கப்பலேறியது. உயிரோடிருந்தபோது வழிவிடாத நகரம், இறந்தபின் அவருக்கு இடம் தந்தது. இறைவாக்கினரைக் கல்லெறிந்துவிட்டுப் பின்னர் கல்லறை கட்டும் மனிதரைப் பற்றி ஆண்டவர் சொன்னது நம் நெஞ்சில் உறுத்தியது.

1641இல் ஒல்லாந்தர் மலாக்காவைப் பிடித்தனர். கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை வந்தது. குன்றின்மேல் இருந்த ஆலயம் சீர்திருத்தச் சபையின் கைக்கு மாறி, பின்னாளில் இடுகாடாயிற்று. அவர்களது கல்லறைப் பலகைகள் இன்றும் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன. 1807இல் ஆங்கிலேயர் கோட்டையை வெடிமருந்து வைத்துத் தகர்த்தனர். ஒரே ஒரு வாயில் தப்பியது. அதன் முகப்பிலும் ஒல்லாந்து வணிகக் கழகத்தின் சின்னமே உள்ளது.

நம்பிக்கையோ அழியவில்லை. மீன்பிடித்தும் கூலிவேலை செய்தும் வாழ்ந்த கிறிஸ்தாங் மக்கள் தங்கள் கலப்பு மொழியிலேயே செபங்களைக் காத்தனர். தடை தளர்ந்தபின் 1710இல் எழுந்த புனித பேதுரு ஆலயத்தில் இன்றும் திருப்பலி நடைபெறுகிறது. 1658இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் வசமானபோது நம் கடலோர முன்னோர் காத்த உறுதியும் இதுவேயன்றோ? கோட்டையைக் கட்டியவர்கள் நீங்கினர். செபமாலையைப் பற்றியவர்கள் நிலைத்தனர்.

ஆலயத்தின் உள்ளே, இரும்புக் கம்பிகளால் மூடிய ஒரு பள்ளம். சவேரியாரின் உடல் கிடந்த இடம் அது. உள்ளே ஒன்றுமில்லை, பார்வையாளர் எறிந்த சில காசுகள் மட்டுமே கிடந்தன. அதன் அருகில் சற்று நேரம் முழந்தாட்படியிட்டோம். வெறுமையான கல்லறையின் முன் நிற்பது கிறிஸ்தவனுக்குப் புதிதல்ல. உயிர்ப்பின் காலையில் பெண்கள் கண்டதும் அதுதானே! ஆனால் இங்கே நம் உள்ளத்தில் எழுந்த வினா வேறு: நம்மிடையே இன்று வாழும் எத்தனை சவேரியார்களின் சுக்கானை நாம் பிடுங்கி வைத்திருக்கிறோம்? மெழுகுதிரி ஏந்துமுன், அவர்கள் உயிரோடிருக்கும்போதே அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவது தவக்காலத்துக்கு ஏற்ற செயலாகும்.

குன்றிலிருந்து இறங்கினோம். கீழே நீரிணையில் காற்று அசையவில்லை.