தோட்ட மாணவரும் தேசிய அடையாள அட்டை எண்ணும் (பதுளை, ஊவா மாகாணம்)

இலங்கையில் 15 வயது நிறைந்த குடிமக்களுக்கு ஆட்பதிவுத் திணைக்களம் வழங்குவது தேசிய அடையாள அட்டை எண். சாதாரண தரப் பரீட்சை மண்டபத்துக்குள் நுழைவதற்கும், கடவுச்சீட்டு எடுத்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போவதற்கும் மாணவரிடம் முதலில் கேட்கப்படுவது இதுதான். பதுளை மாவட்டத்தின் பசறை, லுணுகலை, நமுனுகுலை, ஹாலி-எல, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழருக்கு இந்த எண் வந்த வழி மற்றச் சமூகங்களுக்கு வந்த வழி அல்ல. ஏனையோர் குடிமக்களாக இருந்து எண் பெற்றார்கள். தோட்ட மக்களுக்கோ தொழிலாளி என்ற எண் முதலில் வந்தது. குடியுரிமை முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் கழிந்துதான் வந்தது.

முன்வரலாறு

தோட்டத் தொழிலாளியைத் தாளில் அடையாளப்படுத்திய முதல் ஆவணம் ‘துண்டு’. ஆள்சேர்த்து மேற்பார்த்த கங்காணியின் கீழ் வேலை செய்த ஆள் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இவரை விடுவிக்கிறோம் என்று துரை (தோட்ட அத்தியட்சகர்) எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. துண்டு இல்லாதவரை அடுத்த தோட்டம் ஏற்காது. ஆளின் பெயரைவிட அவர் தலையில் ஏறியிருந்த கடனே அதில் முக்கியமாக இருந்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் இந்த முறையை ஒழித்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கெட் முறை வந்தது. சிறிய தகர வில்லை ஒன்றில் தோட்டத்தைக் குறிக்கும் எண்ணும் ஆளின் தொடர் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. தமிழகத்து ஊரில் இதைக் கையில் வாங்கியவர் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக் காவலில் இருந்து, கடல் கடந்து, குறித்த தோட்டத்தில் போய்ச் சேரும்வரை இதுவே அவருடைய அடையாளம். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. 1904இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிய இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் ஆள்சேர்ப்பை மேற்பார்த்தது. தோட்டத்தை அடைந்ததும் பெயர் செக்ரோல் என்னும் தொழிலாளர் பதிவேட்டில் ஏறும். காலைப் பிரட்டு எனப்பட்ட ஆள்கணக்கெடுப்பில் பெயர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். உழைப்பைக் கணக்கிடுவதற்காகவே இந்த எண்கள் ஏற்பட்டன. இவற்றில் எதுவும் அவருக்கு எந்த உரிமையையும் தரவில்லை.

குடியுரிமைப் பறிப்பு

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் சென்றனர். அவர்களுள் எஸ். எம். சுப்பையா பதுளையின் உறுப்பினர். அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தவரும் தம் தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிறுவ வேண்டும் என்றது அது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் பிறந்தவர்கள் அதற்கான பதிவுத்தாளுக்கு எங்கே போவார்கள்? 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வாக்குரிமையையும் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் சுமார் 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை பெற்றவர்கள் 134,000 பேர் அளவே.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினர் 975,000 பேரை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. எஞ்சிய 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்கிடப்பட்ட மக்களிடம் யாரும் கேட்கவில்லை. இக்காலத்தில்தான் 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டம் நிறைவேறி, 1972 முதல் அடையாள அட்டை வழங்கப்பட்டது. சட்டம் குடிமக்களுக்கானது, நாடற்றவர்கள் அதற்கு வெளியே நின்றார்கள்.

1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் பெரும்பாலோரைக் குடிமக்களாக்கின. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தின்படி சத்தியக் கடதாசியே சான்றாகப் போதும். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் 1964 ஒக்டோபர் 30 முதல் நாட்டில் இருந்தோரையும் அவர்கள் வழிவந்தோரையும் குடிமக்களாக ஏற்றது. அவ்வாண்டு நடந்த பதிவு இயக்கத்தில் பத்து நாட்களுக்குள் 190,000 விண்ணப்பங்கள் குவிந்தன. ஆனாலும் அடையாள ஆவணச் சிக்கல் இத்துடன் தீர்ந்துவிடவில்லை.

எண்ணின் அமைப்பு

பழைய எண்ணில் ஒன்பது இலக்கங்களும் V அல்லது X எழுத்தும் இருந்தன. 2016 முதல் 12 இலக்கங்கள்: முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது, பிறகு தொடர் எண், இறுதியில் சரிபார்ப்பு இலக்கம். பெண்களுக்கு நாள் எண்ணுடன் 500 கூட்டப்படும். ஆண்டு எப்போதும் 366 நாட்களாகவே கொள்ளப்படும். 2005 மார்ச் 15ஆம் திகதி பசறையில் பிறந்த பெண்ணின் எண் 2005575 என்றே தொடங்கும். பிறந்த திகதி பதிவில் தவறினால் அந்தத் தவறு எண்ணுக்குள்ளேயே ஏறிவிடுகிறது.

விண்ணப்பம்

பாடசாலை மாணவரின் படிவத்தை அதிபர் உறுதிப்படுத்துவார். படிப்பை நிறுத்தியவர் தோட்டத்தில் வசித்தால் தோட்ட அத்தியட்சகரின் ஒப்பம் வேண்டும்; ஊரில் வசிப்பவருக்கு அது கிராம அலுவலரின் வேலை. 18 வயதுக் குடிமகன் இன்றும் துரையின் மேசைக்கு முன்னே நின்றுதான் தன்னை இன்னார் என்று சொல்ல வேண்டியிருப்பது பொருந்தாத முறை. அட்டைக்கு அடிப்படை பிறப்புச் சான்றிதழ். பிறப்பை மூன்று மாதங்களுக்குள் பதியாதவர்கள் காலங்கடந்த பதிவுக்கு அலைய வேண்டும். பதிவே கிடைக்காதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ். தமிழ்ப் பெயர் சான்றிதழில் ஒரு விதமாகவும் பாடசாலை இடாப்பில் வேறு விதமாகவும் இருப்பது தோட்டங்களில் சாதாரணம். கடவுச்சீட்டு, வெளிநாட்டுப் பல்கலைக்கழக அனுமதி, விசா மூன்றிலும் ஒரே எழுத்து இருக்க வேண்டுமாதலால், இந்த வேறுபாடு மாணவரின் ஒரு கல்வியாண்டையே விழுங்கிவிடக் கூடும்.

2014 வரை வடக்கு, கிழக்குக்கு வெளியே அட்டை சிங்களத்தில் மட்டுமே அச்சானது. அதன் பிறகே பதுளைத் தமிழர் தம் பெயரைத் தமிழில் கண்டனர். அதே ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்களோடு பிறப்புச் சான்றிதழ்களும் அடையாள அட்டைகளும் புதைந்தன. உயிர் தப்பிய பிள்ளைகள் தாங்கள் யார் என்பதைத் தாளில் மறுபடி நிறுவ வேண்டியிருந்தது.

இன்றைய நிலை

2017 முதல் புதிய வடிவ அட்டை வழங்கப்படுகிறது. இந்திய நிதியுதவியுடன் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டமும் நடைபெறுகிறது. மாணவர்கள் பத்தாம் தரத்திலேயே பிறப்புச் சான்றிதழை எடுத்து, பெயரும் திகதியும் சரிதானா என்று பார்த்து, பிழையிருந்தால் பிரதேச செயலகப் பதிவாளரிடம் உடனே திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.