கார் ஏர்கோன் குளிரவில்லையா? கேஸ் போடுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்

பகாவ், ரொம்பின் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வயதான பெற்றோரைச் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நாளில்தான் கார் ஏர்கோன் காலை வாரிவிடும். கண்ணாடியை இறக்கினால் லோரிப் புகையும் செம்மண் தூசியும். ஏற்றினால் வேர்வை. பட்டறைக்குப் போனால் பலருக்கும் கிடைக்கும் முதல் பதில், "கேஸ் இல்லை, போட்டுவிடலாம்" என்பதுதான். போட்ட கேஸ் இரண்டு மாதத்தில் போய்விடும். மறுபடியும் செலவு.

ஏர்கோன் பழுதுக்குக் கேஸ் மட்டுமே காரணம் அல்ல. பட்டறைக்குப் போவதற்கு முன், பழுது காற்றிலா குளிரிலா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

காற்றே வரவில்லை என்றால்

பிளோவர் சத்தமே இல்லையென்றால் முதலில் பியூஸைப் பாருங்கள். பியூஸ் பெட்டி ஸ்டீயரிங் கீழேயும் எஞ்சின் பக்கத்திலும் இருக்கும். எந்தப் பியூஸ் எதற்கு என்பதை மூடியிலோ கார் கையேட்டிலோ காணலாம். எஞ்சினை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். உள்ளே கம்பி அறுந்திருந்தால் அதே அளவுப் பியூஸை மாற்றுங்கள். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. பெரிய பியூஸ் போடுவதும், சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிச் செருகுவதும் வயரில் தீப்பிடிக்க வழி வகுக்கும். புதிய பியூஸும் உடனே போய்விட்டால் அதற்கு மேல் முயல வேண்டாம். எங்கோ வயர் உராய்கிறது என்று பொருள்.

திருகிக் கூட்டிக் குறைக்கும் பழைய வகைக் கார்களில் பிளோவர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால், பெரும்பாலும் ரெசிஸ்டர் என்ற சிறிய பாகம்தான் போயிருக்கும். பிளோவரையே மாற்ற வேண்டியதில்லை.

சத்தம் கேட்கிறது, காற்று மட்டும் மெதுவாக வருகிறதா? பல கார்களில் டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் கேபின் பில்டர் இருக்கும். தோட்டத்துச் செம்மண் சாலையில் தினமும் ஓடும் காரில் அது பட்டணத்துக் காரைவிடச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ரப்பர் மரம் இலையுதிர்க்கும் மாதங்களில், முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துளையில் சேரும் சருகுகளையும் அகற்றுங்கள்.

காற்று வருகிறது, குளிர் இல்லை என்றால்

எஞ்சினை ஓடவிட்டு, பானட்டைத் திறந்து வையுங்கள். ஒருவர் ஏர்கோனைப் போடட்டும். கையையும் தொங்கும் துணியையும் பெல்ட், காற்றாடியிடம் கொண்டு போகாதீர்கள். பெரும்பாலான கார்களில் 'டக்' என்று கம்ப்ரசர் பிடிக்கும் சத்தம் கேட்கும். முன்னால் உள்ள காற்றாடியும் சுழலத் தொடங்கும்.

'டக்' சத்தம் வராவிட்டால் பியூஸ், ரிலே, வயர் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். செம்பனைத் தோட்டங்களில் எலித் தொல்லை எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். எலியைப் பிடிக்கத்தான் தோட்ட நிர்வாகங்கள் ஆந்தைக் கூண்டுகள் வைக்கின்றன. அதே எலி இரவில் எஞ்சினுக்குள் புகுந்து வயரைக் கடிக்கிறது. கேஸ் மிகவும் குறைந்திருந்தாலும் கம்ப்ரசர் பிடிக்காது. எனவே இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலையில் குளிர்ந்து, நெரிசலில் நின்றதும் சூடாகிறதா? முன்காற்றாடி ஓடவில்லை, அல்லது கண்டென்சரில் சேறும் பூச்சியும் அப்பியிருக்கின்றன. எஞ்சின் ஆறியபின் மெல்லிய நீரால் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் வளைந்துவிடும்.

முதலில் நன்றாகக் குளிர்ந்து, ஒரு மணி நேரத்தில் காற்று குறைகிறதா? கூலிங் காயிலில் பனிக்கட்டி பிடித்திருக்கலாம். ஏர்கோனை அணைத்து, பிளோவரை மட்டும் 15 நிமிடம் ஓடவிடுங்கள். காற்று திரும்பி வந்தால் காரணம் அதுதான்.

கேஸ் பற்றிய உண்மை

பெட்ரோல் போல ஏர்கோன் கேஸ் எரிந்து தீராது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. பல ஆண்டுகளில் சிறிதளவு கசிவது இயல்பு. சில மாதத்திலேயே குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கேஸுடன் எண்ணெயும் கசிவதால், குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு தென்படலாம்.

முறையான வேலை என்றால் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்து, வேக்கம் பம்பு மூலம் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றி, பிறகு எடை பார்த்து கேஸ் நிரப்ப வேண்டும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது பானட்டுக்குக் கீழே ஒட்டிய தாளில் இருக்கும். அதிகமாக நிரப்பினாலும் குளிர் குறையும், கம்ப்ரசரும் கெடும்.

நம் சாலையில் ஓடும் பெரும்பாலான கார்களில் உள்ளது ஆர்-134ஏ. ஓசோன் படலத்தைக் கெடுத்த பழைய ஆர்-12, 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் படிப்படியாக ஒழிக்கப்பட்டதால் இது வந்தது. ஆனால் இதுவும் கரியமில வாயுவைவிட சுமார் 1,430 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக் கூடியது. ஓட்டையை அடைக்காமல் நிரப்பிக்கொண்டே இருப்பது பணத்துக்கும் கேடு, காற்றுக்கும் கேடு. திரவமாகத் தெறித்தால் தோல் உறைந்து புண்ணாகும். எனவே வீட்டில் நிரப்பிப் பார்க்காதீர்கள்.

பட்டறையில் கேளுங்கள்

எல்லாப் பட்டறையும் ஏமாற்றுவதில்லை. கேட்பவருக்குக் காட்டுவார்கள். ஓட்டை எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். வேலை தொடங்கும் முன் விலையை எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் ரசீதையும் கேட்டுப் பெறுங்கள்.

தகராறு என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. மனு செய்யக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, ரசீது தேவை.

பழுது பார்க்கும் வரை ஒன்றை மறக்க வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் சுமார் 10 பாகை செல்சியஸ் கூடிவிடும். "ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறேன்" என்று பிள்ளைகளையோ பெரியவர்களையோ உள்ளே விட்டுச் செல்லாதீர்கள்.