திரும்ப மறுக்கும் சுக்கான்

வேகமாகச் செல்லும் படகிலிருந்து ஒரு துடுப்பை நீரில் செங்குத்தாக இறக்கி, அதன் பலகையைச் சற்றே குறுக்காகத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு நீரின் வலிமை தெரியும். துடுப்பு கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கும். படகின் வேகம் இரு மடங்கானால் இந்த விசை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. ஆகவே கலங்கள் பெரிதாக ஆக, வேகம் கூடக் கூட, அவற்றைத் திருப்புவது மனிதனின் கைகளுக்குப் பெரும் சோதனையாகிவிட்டது. எதிரே பாறை தெரியும்போது சுக்கான் திரும்பாவிட்டால் என்ன நேரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்று அவுட்போர்டு மோட்டார் பூட்டிய சிறு படகிலும் ஸ்டியரிங் சக்கரம் இறுகிப்போவது உண்டு. இங்கே கையை எதிர்ப்பது நீர்தானா, வேறு ஏதாவதா? விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் எகிப்திலிருந்து தானியம் ஏற்றி வந்த 'ஐசிஸ்' என்னும் மாபெரும் கப்பல் ஏதென்சின் துறைமுகத்துக்கு வந்ததாக லூசியன் என்ற எழுத்தாளர் எழுதியுள்ளார். அவ்வளவு பெரிய கப்பலின் சுக்கான்களை வயதான, சிறிய உருவம் கொண்ட ஒருவர் மெல்லிய கோல் ஒன்றைப் பிடித்துத் திருப்பியதைக் கண்டு பார்த்தவர்கள் வியந்தார்களாம். இது எப்படி முடிந்தது?

காற்று பலமாக அடிக்கும்போது வீட்டுக் கதவைச் சாத்திப் பாருங்கள். கீல் ஓர் ஓரத்தில் இருப்பதால் கதவின் முழுப் பரப்பின் மீதும் மோதும் காற்று உங்களை எதிர்க்கிறது. அதே கதவு நடுவில் ஓர் அச்சின் மீது சுழல்வதாக இருந்தால், ஒரு பாதியைக் காற்று எதிர்க்கும். மறு பாதியைத் தானே தள்ளிக் கொடுக்கும். அக்காலக் கப்பல்களின் இரு பக்கங்களிலும் தொங்கிய பெரிய திசைத் துடுப்புகளில், பலகை தண்டின் இரு புறமும் நீண்டிருந்தது. பாதி வேலையை நீரே செய்துவிட்டது!

சீனர்கள் வேறொரு வழியையும் கண்டனர். படகின் பின்புறத்தில் சுக்கான் வைக்கும் பழக்கம் அவர்களிடம் மிகப் பழமையானது. குவாங்சோ நகரில் அகழ்ந்தெடுத்த, கி.பி. 1-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த களிமண் படகு பொம்மை ஒன்றில் அது தெளிவாகத் தெரிகிறது. பிற்காலத்துச் சீனக் கப்பல்களின் சுக்கான் பலகையில் வரிசையாகத் துளைகள் இட்டார்கள். துளைகளின் வழியே கொஞ்சம் நீர் வழிந்தோடுவதால் பலகையைத் திருப்பும் சிரமம் குறைந்தது.

ஐரோப்பாவிலோ 12-ஆம் நூற்றாண்டில் பின்தூணில் கீல் வைத்து மாட்டிய சுக்கான் வழக்கத்துக்கு வந்தது. உறுதியான அமைப்புதான்; ஆனால் நம் வீட்டுக் கதவைப் போலக் கீல் ஓரத்தில்! கப்பல் பெருத்தபோது இந்தக் குறை வெளிப்பட்டது. 1628-இல் முதல் பயணத்திலேயே மூழ்கி, 1961-இல் மேலே கொண்டுவரப்பட்ட ஸ்வீடன் நாட்டுப் போர்க்கப்பல் 'வாசா'வில் சுக்கானைத் திருப்ப நின்ற நிலையில் ஒரு நெம்புகோல் இருந்தது. அதைக் கொண்டு சுக்கானைச் சிறிதளவு கோணமே திருப்ப முடியும். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கயிறு சுற்றிய உருளையும் சக்கரமும் வந்தன. விசை மிச்சமாயிற்று, பதிலுக்குச் சக்கரத்தைப் பல சுற்றுகள் சுற்ற வேண்டியிருந்தது.

இரும்புக் கப்பல்களின் காலத்தில் சக்கரமும் தோற்றது. 1860-களில் கட்டப்பட்ட 'மினோட்டார்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் சுக்கானைத் திருப்பச் சக்கரத்தில் 18 பேர், துணைக் கயிறுகளில் 60 பேர் எனப் பணியாற்றினர். எழுபத்தெட்டு பேர்! 1867-இல் 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பலில் மக்ஃபார்லேன் கிரே அமைத்த நீராவி ஸ்டியரிங் எந்திரம் இந்த நிலையை மாற்றியது. ஒருவர் சக்கரத்தைத் திருப்பினால் நீராவி சுக்கானை நகர்த்தும்; சுக்கான் வேண்டிய கோணத்தை எட்டியதும் நீராவி தானே நின்றுவிடும். நீருடன் நடந்த போரில் பெரிய கப்பல்கள் இவ்வாறு வென்றன.

சிறு படகின் கதை வேறு. 1881-இல் பாரிசில் குஸ்தாவ் துரூவே சேன் ஆற்றில் ஒரு மின்சாரப் படகை ஓட்டினார். அதன் சுக்கானும் புரொப்பெல்லரும் சேர்த்துக் கழற்றி எடுக்கக்கூடியவை. 1905-இல் அமெரிக்காவில் கேமரன் வாட்டர்மன் பெட்ரோலில் இயங்கும் மோட்டாரைப் படகின் பின்பலகையில் மாட்டினார். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட், 1909-இல் ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்ட மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இதில் தனிச் சுக்கான் தேவையில்லை. மோட்டாரையே கைப்பிடியால் திருப்பினால் புரொப்பெல்லர் தள்ளும் திசை மாறிப் படகு திரும்புகிறது.

பிற்காலத்தில் மோட்டார் பெரிதாயிற்று. ஓட்டுபவரும் முன்பக்கத்தில் சக்கரத்தின் முன் அமர விரும்பினார். முதலில் கப்பிகளின் மீது ஓடும் கம்பிக் கயிறு பயன்பட்டது. பிறகு உறைக்குள் ஓடும், இழுக்கவும் தள்ளவும் வல்ல கேபிள் வந்தது. இந்தக் கேபிளின் முனையிலுள்ள எஃகுத் தண்டு, மோட்டாரைத் தூக்கிச் சாய்க்க அச்சாக உள்ள குழாய்க்குள் புகுந்து வெளிவருகிறது. நமது கதையின் வில்லன் இந்தக் குழாய்தான்! உப்பு நீர் புகுகிறது, பழைய கிரீஸ் மெழுகு போல் இறுகுகிறது, உலோகம் அரிக்கிறது. சில மாதம் படகு சும்மா கிடந்தால் தண்டு குழாயோடு ஒட்டிக்கொள்ளும். இங்கே கையை எதிர்ப்பது நீரல்ல, உராய்வு. கரையில் நிற்கும் படகிலும் சக்கரம் திரும்பாததே இதற்குச் சான்று.

பலர் செய்யும் தவறு, சக்கரத்தை முழு பலத்துடன் முறுக்குவது. அப்போது திரும்பியது போலத் தோன்றினாலும், கேபிள் உள்ளே மடங்கியோ பல்சக்கரம் உடைந்தோ கடலின் நடுவில் கைவிட்டுவிடும். முதலில் நோயின் இடத்தைக் கண்டறிய வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு, தண்டையும் மோட்டாரையும் இணைக்கும் கம்பியைக் கழற்றுங்கள். மோட்டாரைக் கையால் இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். அது எளிதாகத் திரும்பினால் குறை குழாயிலோ கேபிளிலோ உள்ளது. திரும்பாவிட்டால் மோட்டார் சுழலும் அச்சில் உள்ளது. அங்குள்ள கிரீஸ் முனையில் பழைய கிரீஸ் வெளிவரும்வரை புதியதை ஏற்ற வேண்டும்.

குழாயில் குறை என்றால், துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்துத் தண்டை வெளியே எடுத்து, குழாயின் உட்புறத்தைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, உப்பு நீரைத் தாங்கும் கிரீஸ் தடவ வேண்டும். பிற்பாடு கிரீஸ் முனை வழியே கிரீஸ் ஏற்றும்போது தண்டு முழுவதும் உள்ளிழுத்த நிலையில் இருக்கட்டும். நீட்டிய நிலையில் ஏற்றினால், தண்டு உள்ளே வர இடமின்றிக் கிரீஸே அதைப் பூட்டிவிடும். ஸ்டியரிங் முற்றிலும் நின்றுபோகும். நன்மை செய்யப் போய் வினையை வாங்குவது இதுதான். குழாய் சுத்தமாக இருந்தும் சக்கரம் இறுக்கமாக இருந்தால் கேபிளின் உறைக்குள் நீர் புகுந்திருக்கும். அதைப் பழுது பார்க்க வழியில்லை. புதிய கேபிள் போட வேண்டியதுதான்.

படகு ஓடும்போது மட்டும், அதுவும் ஒரு பக்கம் திருப்புவது கடினமாக இருந்தால், குற்றவாளி பழையபடி நீரே. புரொப்பெல்லரின் சுழற்சி மோட்டாரை ஒரு பக்கம் தள்ளுகிறது. பல மோட்டார்களில் புரொப்பெல்லருக்கு மேலே, திருப்பி வைக்கக்கூடிய சிறு தகடு ஒன்று இருக்கும். படகு தானாக இடப்பக்கம் இழுத்தால் தகட்டின் பின்முனையையும் சற்று இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். கேட்க முரணாகத் தோன்றும். ஆனால் இடப்பக்கம் சாய்ந்த தகட்டை நீர் வலப்பக்கமாகத் தள்ளி, இழுப்பை ஈடு செய்துவிடுகிறது.

பெரிய மோட்டார்களுக்கு இப்போது எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஸ்டியரிங் பூட்டுகிறார்கள். சக்கரம் ஒரு சிறு பம்பைச் சுற்றுகிறது; அழுத்தம் குழாய்களின் வழியே சென்று மோட்டாரைத் தள்ளுகிறது. ஆனால் இதன் தாங்கு தண்டும் பெரும்பாலும் அந்தப் பழைய குழாய்க்குள்தான் புகவேண்டும். புதிய கருவியைப் பூட்டுமுன் அந்தக் குழாயைத் துருவித் துடைக்காமல் வேலை நடக்காது.