மிரியாமின் கையிலிருந்த கருவி

செங்கடலைக் கடந்தபின் மிரியாம் தன் கையில் எடுத்த இசைக்கருவியை நம் சபைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் தமிழ்த் திருமறை ‘தம்புரு’ என்று குறிப்பிடுகிறது (யாத். 15:20). தமிழர் செவிக்குத் தம்புரு என்பது அமர்ந்து மீட்டிச் சுருதி கூட்டும் நரம்புக் கருவியாகும். அதனை ஏந்தியவாறு பெண்கள் நடனமாடிச் சென்றது எங்ஙனம் என்னும் ஐயம் எழுதல் இயல்பே. ஆகவே மூலச்சொல்லை நோக்குவோம்.

எபிரேயத்தில் இக்கருவியின் பெயர் ‘தோஃப்’, பன்மையில் ‘துப்பீம்’. சட்டத்தில் தோல் போர்த்து, ஒரு கையில் பிடித்து மறுகையால் அடிக்கும் சிறுபறை அது. இதனோடு தொடர்புடைய வினைச்சொல் அடித்தலைக் குறிப்பது. சங்கீதம் 68:25இல் கன்னியர் பறையடிப்பதற்கு வழங்கும் இவ்வினையே, நாகூம் 2:7இல் பெண்கள் துயரத்தால் மார்பில் அடித்துக்கொள்வதற்கும் வழங்குகிறது.

அரபியர் இதனைத் ‘துஃப்’ என்பர். அரபியர் ஆட்சியின் வழியாக ஐபீரிய நாடுகளை அடைந்த அச்சொல், அரபு மொழியின் சுட்டிடைச்சொல்லையும் சேர்த்துக்கொண்டு, ‘அதூஃபே’ ஆயிற்று. போர்த்துக்கல் நாட்டுச் சிற்றூர்ப் பெண்கள் அப்பெயருடைய சதுரப் பறையை இன்றும் முழக்குகின்றனர். எழுபதின்மர் கிரேக்க மொழிபெயர்ப்போ ‘தும்பனோன்’ என்னும் சொல்லை ஆள்கிறது. அதுவும் அடித்தல் என்னும் வேரினின்று பிறந்ததே. நம் ‘தப்பு’ என்னும் சொல்லின் ஒலியொப்புமையைக் கண்டு இவற்றை உறவுச் சொற்கள் எனத் துணிதல் கூடாது. தோலில் கைபடும் ஓசையைப் பின்பற்றி மொழிகள் தனித்தனியே பெயரிடுதல் கூடும்.

தமிழ்த் திருமறையிலோ ஒரே சொல் இரு கருவிகளைச் சுட்டுகிறது. சங்கீதம் 92:3இல் தம்புரு என்பது ‘நேவெல்’ என்னும் நரம்புக் கருவி. 149:3, 150:4 ஆகியவற்றில் அது தோஃப் என்னும் பறை. இதனால் வாசகர் மனக்கண்ணிலிருந்து பறை மறைந்துவிடுகிறது.

இஃது அகராதிச் சிக்கல் மட்டுமன்று. யெப்தாவின் மகளும் (நியா. 11:34), சவுலை எதிர்கொண்ட பெண்களும் (1 சாமு. 18:6) ஏந்தியது இப்பறையே. பாலஸ்தீன அகழாய்வுகளில் கிடைத்த இரும்புக்காலச் சுடுமண் பாவைகள் சிலவும் கைப்பறை ஏந்திய பெண்களைக் காட்டுகின்றன. விடுதலையின் முதல் வழிபாட்டில் தாளத்தை நடத்தியவர்கள் பெண்கள் என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டிலோ பறை சாதியின் பெயரால் இழிவாக எண்ணப்பட்டு, ஆலயங்களில் நெடுங்காலம் இடம்பெறவில்லை. மொழிபெயர்ப்பாளர் அதை எண்ணியே தம்புரு என்றனர் என்று நாம் கூறவில்லை. ஆயினும் அச்சொல், இக்கேள்வியை நாம் எதிர்கொள்ளாதிருக்க இடந்தந்தது. ‘பறை’ என்பதற்குச் சொல்லுதல் என்னும் பொருளும் உண்டு. மலையாளத்தில் அவ்வினை இன்றும் அன்றாட வழக்கு. விடுதலையை அறிவித்த மிரியாமின் கருவிக்கு இதனினும் பொருத்தமான தமிழ்ப்பெயர் யாது? இப்பகுதியை அருளுரைக்கு எடுக்கும் ஆயர்கள், அவள் கையிலிருந்தது பறையே என்பதைச் சபைக்கு எடுத்துரைப்பது கடமையாகும்.