பல்கலைக்கழகத்தில் யார் தொழிலாளி?

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் கல்வி நிலையத்தில் வேலை பார்ப்பவர் ஒருவராவது இருப்பார். கல்லூரி விரிவுரையாளர், பள்ளி ஆசிரியை, லேப் அசிஸ்டெண்ட், பதிவாளர் அலுவலகத்தில் ஸ்டெனோ என்று ஏதோ ஒன்று. வேலை நன்றாக நடக்கும்வரை யாரும் சட்டத்தைப் பற்றி நினைப்பதில்லை. ஓய்வு பெறும்போதோ, நிர்வாகம் திடீரென்று "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லும்போதோதான் கேள்வி வருகிறது. சட்டத்தின் பார்வையில் நாம் தொழிலாளியா, இல்லையா? டில்லியில் ஒரு பல்கலைக்கழகத்தின் பணியாளர் பிரிவில் (எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷன் என்றால்தான் டில்லிக்காரர்களுக்குப் புரியும்) முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் நான். இந்தக் கேள்வியின் வரலாற்றை மலர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டுமென்று நெடுநாளாக ஆசை.

வரலாறு இரண்டு பஸ் டிரைவர்களிடம் தொடங்குகிறது.

டில்லிப் பல்கலைக்கழகத்தில் மாணவிகளின் வசதிக்காகப் பஸ்கள் ஓடின. அவற்றை ஓட்டிய இருவர் 1940களின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பஸ் ஓட்டுவதில் நஷ்டம் என்று சொல்லி நிர்வாகம் 1961இல் அந்த ஏற்பாட்டையே நிறுத்தியது. டிரைவர்களுக்கு நோட்டீசு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 25எஃப் பிரிவுப்படி, ஆட்குறைப்பு செய்தால் ஒவ்வொரு வருஷ சர்வீசுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். பன்னிரண்டு வருஷ சர்வீஸ் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய ஆறு மாதச் சம்பளம். இவ்வளவுதான் அவர்கள் கேட்டது. தொழில் தீர்ப்பாயம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பல்கலைக்கழகம் விடவில்லை, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

1963இல் வந்த தீர்ப்பு 'டில்லிப் பல்கலைக்கழகம் எதிர் ராம்நாத்' என்று சட்டப் புத்தகங்களில் நிற்கிறது. எழுதியவர் நீதிபதி கஜேந்திரகட்கர். தொழிலாளர் சட்டத்தில் அவருக்கு இணையானவர் அன்று குறைவு. பம்பாய் அரசு மருத்துவமனை வழக்கில் ஆஸ்பத்திரியும் 'தொழில்'தான் என்று 1960இல் தீர்ப்பெழுதியவரும் அவரே. ஆனால் பல்கலைக்கழகம் என்று வந்தபோது அவர் வாதம் வேறு திசையில் போயிற்று. கல்வி என்பது ஒரு தொண்டு, வாழ்க்கைப் பணி. அதை நடத்துபவர் ஆசிரியர். ஆசிரியரோ சட்டத்தின் பொருளில் தொழிலாளி அல்லர். மற்ற ஊழியர்கள் அந்தப் பெரிய காரியத்தில் மிகச் சிறிய பங்கு வகிப்பவர்கள். ஆகவே அவர்களை வைத்துப் பல்கலைக்கழகத்தைத் 'தொழில்' என்று சொல்ல முடியாது.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ஆசிரியரின் பெருமையைச் சொல்லித்தான் டிரைவரின் ஆறு மாதச் சம்பளம் மறுக்கப்பட்டது. டிரைவர் பாடம் நடத்தினாரா என்ன? ஸ்டியரிங்கைப் பிடித்தவருக்குத் தொண்டு எங்கிருந்து வந்தது? நான் வேலைக்குச் சேர்ந்த 1970களின் தொடக்கத்தில் தோட்டக்காரர், ஹாஸ்டல் சமையல்காரர், அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர் எல்லோரும் இந்தத் தீர்ப்பின் நிழலில்தான் இருந்தார்கள். தகராறு என்று லேபர் கமிஷனரிடம் போனால், இது எங்கள் வரம்பில் வராது என்று கோப்பை மூடிவிடலாம். போனஸ் சட்டமோ 1965இல் இயற்றப்பட்டபோதே பல்கலைக்கழகங்களையும் கல்வி நிறுவனங்களையும் பெயர் சொல்லி விலக்கிவிட்டது.

மாற்றம் வந்தது பெங்களூரிலிருந்து, அதுவும் தண்ணீர்க் குழாய் வழியாக! பெங்களூர் குடிநீர் வாரியம் சில ஊழியர்களுக்கு அபராதம் போட்டுச் சம்பளத்தில் பிடித்தது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். வாரியம் 'நாங்கள் தொழிலே அல்ல' என்றது. வழக்கு வளர்ந்து ஏழு நீதிபதிகள் அமர்வுக்குப் போய், 1978 பிப்ரவரி 21 அன்று தீர்ப்பு வந்தது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், சென்னைச் சட்டக் கல்லூரியில் படித்தவர், 1957இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்தவர். தீர்ப்பின் ஆங்கிலம் கரடுமுரடு. அகராதி இல்லாமல் படிக்க முடியாது. ஆனால் அளவுகோல் எளிது. ஒழுங்காக நடக்கும் ஒரு செயல்பாடு, முதலாளியும் ஊழியரும் சேர்ந்து செய்வது, மனிதத் தேவைக்கான பொருளையோ சேவையையோ தருவது. இந்த மூன்றும் இருந்தால் அது தொழில். லாப நோக்கம் உண்டா இல்லையா என்பது கணக்கில் வராது. டில்லிப் பல்கலைக்கழகத் தீர்ப்பு செல்லாது என்று அதில் வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. ஆசிரியர் தொழிலாளி இல்லை என்றே இருக்கட்டும், அதனால் பஸ் ஓட்டுபவரும் அச்சுக் கோர்ப்பவரும் தொழிலாளி இல்லை என்று ஆகிவிடுமா என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வியின் சாரம்.

நம் செக்‌ஷனில் அதன் விளைவு உடனே தெரிந்தது. அதுவரை 'விண்ணப்பம்' என்று வந்த காகிதங்கள் 'கோரிக்கைப் பட்டியல்' என்று தலைப்பு மாறி வந்தன. ஆசிரியரல்லாத ஊழியர் சங்கத்தோடு பேச்சுவார்த்தை என்றால் பதிவாளர் அறையில் நாற்காலி போட்டு, டீயும் சமோசாவும் வைத்து, நான் மூலையில் உட்கார்ந்து மினிட்ஸ் எழுதுவேன். தொழிற்சாலைப் பேச்சுவார்த்தைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கையில் பணம் கிடையாது. பணம் பல்கலைக்கழக மானியக் குழுவிடம், அதாவது யு.ஜி.சி.யிடம். அதனால் ஒவ்வொரு உடன்பாட்டின் கடைசி வரியும் 'யு.ஜி.சி. ஒப்புதலுக்கு உட்பட்டு' என்றே முடியும். சங்கத் தலைவர் ஒருவர் அந்த வரியைப் படித்துவிட்டு, "மதராசி பாபு, மேலே எழுதினது எல்லாம் பாயசம், கடைசி வரி உப்பு" என்றார். இந்தியில் அவர் சொன்னது இன்னும் காரமாக இருந்தது!

நிர்வாகிகளுக்குப் பயிற்சி என்ற விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கல்லூரி முதல்வர்களுக்கும் கல்வி அதிகாரிகளுக்கும் டில்லியில் நீபா என்ற தேசிய நிறுவனம் இருந்தது. 1987 வாக்கில் ஆசிரியர்களுக்கென்று ஸ்டாஃப் காலேஜ்கள் வந்தன. என் போன்ற செக்‌ஷன் ஆபீசர்களுக்குப் பயிற்சிக் கல்லூரி பழைய கோப்புகள்தான். அதன் விலை என்னவென்று அதே 1987 காட்டியது. நான்காவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, மே 1 தேதியிட்ட மத்திய அரசு ஆணை ஒன்று வந்தது. பங்களிப்பு சேமநிதியில் இருப்பவர்கள், அதிலேயே தொடர விரும்புவதாகச் செப்டம்பர் 30க்குள் எழுதித் தராவிட்டால் பென்ஷனுக்கு மாறியவர்களாகக் கருதப்படுவார்கள். மொத்தத் தொகை கைக்கு வரும், பெண் கல்யாணத்துக்கு ஆகும் என்று பலர் சேமநிதிக்கே எழுதிக் கொடுத்தார்கள். பென்ஷன் என்றால் ஆயுள் முழுக்க, பிறகு மனைவிக்கும் உண்டு, அகவிலைப்படியோடு ஏறும் என்று உட்கார வைத்து விளக்கிச் சொல்ல ஆளில்லை. டில்லிப் பல்கலைக்கழகத்தில் இந்தக் கெடுவைப் பலமுறை நீட்டித்ததால் எழுந்த வழக்குகள் 2022இல்தான் சுப்ரீம் கோர்ட்டில் முடிந்தன. ஒன்றும் எழுதிக் கொடுக்காதவர்களுக்கும், கெடு தாண்டி எழுதிக் கொடுத்தவர்களுக்கும் பென்ஷன் கிடைத்தது. கெடுவுக்குள் ஒழுங்காகச் சேமநிதி என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு இல்லை.

இனி ஆசிரியர் கதை. 1978 தீர்ப்பு டிரைவரை உள்ளே கொண்டுவந்தது. ஆசிரியர் வெளியிலேயே நின்றார். கோவாவில் காரன்சாலேமிலிருந்த ஒரு பள்ளியில் 1975இல் வேலை நீக்கப்பட்ட ஓர் ஆசிரியையின் வழக்கு அதை உறுதி செய்தது. 'சுந்தராம்பாள் எதிர் கோவா அரசு' என்று தமிழ்ப் பெயரோடேயே அது அறியப்படுகிறது. சமரசப் பேச்சு தோற்றபின், தகராறைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப அரசு மறுத்தது. 1988இல் சுப்ரீம் கோர்ட்டு, பள்ளி தொழில்தான், ஆனால் ஆசிரியை தொழிலாளி அல்லர் என்றது. ஆசிரியருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்ற அனுதாபம் அந்தத் தீர்ப்பில் உண்டு. அனுதாபத்தை வைத்து வேலைக்குத் திரும்ப முடியாதே.

அடுத்த அடி கிராஜுவிட்டியில் விழுந்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தை, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கல்வி நிறுவனங்களுக்கும் 1997 ஏப்ரல் 3இல் மத்திய அரசு விரிவாக்கியது. ஆசிரியர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் 2004 ஜனவரியில், ஆமதாபாத் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 'ஊழியர்' என்ற சொல்லின் விளக்கத்தைப் பிரித்துப் பார்த்தது. உடலுழைப்பு, திறனுள்ள வேலை, திறனற்ற வேலை, மேற்பார்வை, தொழில்நுட்பம், எழுத்தர் வேலை. இவற்றில் எதிலும் பாடம் நடத்துவது வராதாம். ஆக ஒரே பள்ளியில் மணி அடிப்பவருக்குக் கிராஜுவிட்டி உண்டு, அந்த மணிக்கு வகுப்பெடுத்தவருக்குக் கிடையாது. குறையைப் பாராளுமன்றம்தான் சரிசெய்ய வேண்டும் என்று நீதிபதிகளே சுட்டிக்காட்டினார்கள். 2009இல் திருத்தம் வந்தது, 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும்படி. தனியார் பள்ளிகள் இதை எதிர்த்துப் போராடி, 2022 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டில் தோற்றன. இடைப்பட்ட வருஷங்களில் ஓய்வு பெற்ற ஆசிரியைகள் எத்தனை பேர் நம் வட்டத்திலேயே இருக்கிறார்கள்! சிலர் பணம் வருமுன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

1978 தீர்ப்புக்கும் எதிர்ப்பு ஓயவில்லை. கல்வி நிலையங்களை விலக்கி 1982இல் பாராளுமன்றம் கொண்டுவந்த புதிய விளக்கம் கடைசிவரை நடைமுறைக்கு வரவில்லை. 2005இல் ஐந்து நீதிபதிகள் ஐயம் எழுப்ப, 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு விஷயம் அனுப்பப்பட்டது. இதற்கிடையில் 1947ஆம் ஆண்டுச் சட்டமே போய், 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்திருக்கிறது. அதில் பத்திரிகையாளரும் விற்பனைப் பிரதிநிதியும் பெயர் சொல்லித் தொழிலாளியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஆசிரியரின் பெயர் அந்த வரியில் இல்லை.

ஆனால் அதே நாளில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் 'ஊழியர்' என்பதற்கான விளக்கம் விரிவானது. குறிப்பிட்ட காலத்துக்கு என்று எழுத்து ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவருக்கு ஐந்தாண்டு காத்திருக்காமல் ஓராண்டு சர்வீசுக்கே கிராஜுவிட்டி உண்டு. அதனால் நண்பர்கள் தங்கள் பெண்ணின் கல்லூரி வேலை பற்றிக் கேட்டு வரும்போது, அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைத்தான் முதலில் எடுத்துவரச் சொல்கிறேன். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சு.