மூன்றாம் வரிசையின் சாட்சியம்: புரோட்டோன் எக்சோராவும் வாகன இதழியலின் நடுநிலையும்

2009 ஏப்ரல் 15 அன்று மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக், தேசியக் கார் நிறுவனமான புரோட்டோனின் எக்சோராவை அறிமுகப்படுத்தினார். அவர் பதவியேற்று அப்போது இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மலேசியாவிலேயே வடிவமைத்து உருவாக்கிய முதல் எம்.பி.வி. (பல்பயன் வாகனம்) என்று அந்த வாகனம் கொண்டாடப்பட்டது. அது வெறும் விளம்பரப் பேச்சு அன்று. 2001-இல் புரோட்டோன் விற்ற ஜுவாரா, மிட்சுபிஷியின் டவுன் பாக்ஸ் வண்டிக்கு வேறு பெயர் சூட்டியதுதான். எக்சோராவோ உள்ளூர்ப் பொறியாளர்களின் உழைப்பு. அதைப் பற்றிய பேச்சில் இரண்டு குரல்கள் ஓங்கி ஒலித்தன: ஒன்று நாட்டுப் பெருமிதம், மற்றொன்று தேசியக் கார் என்றாலே எழும் சலிப்பு. நடுநிலை பற்றிய விவாதமும் எந்தச் செய்தியாளர் யாருக்கு வேண்டியவர் என்ற கேள்வியோடு முடிந்துபோனது.

அந்தக் கேள்வி தேவையானதுதான். ஆனால் அதற்கு முன்னே வேறொன்றைக் கேட்க வேண்டும். எந்தப் பயன்பாட்டுக்காக ஒரு வாகனம் செய்யப்பட்டதோ, அந்தப் பயன்பாட்டில் வைத்து அதைச் சோதித்தார்களா? ஏழு பேருக்காகச் செய்த வண்டியை ஒருவரோ இருவரோ ஓட்டிப் பார்த்து எழுதும் தீர்ப்பில், எழுதுபவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், ஒரு சாய்வு தங்கிவிடுகிறது. அந்தச் சாய்வு வாகனத்தின் நிறைகளையும் குறைகளையும் ஒருசேர மறைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நிறைகளிலிருந்து தொடங்குவோம். எக்சோராவின் நீளம் 4,592 மில்லிமீட்டர். முன்பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 2,730 மில்லிமீட்டர். அதே காலத்தில் மலேசியாவில் விற்ற நிசான் கிராண்ட் லிவினாவில் இந்த இடைத்தூரம் 2,600 மட்டுமே. டொயோட்டா இன்னோவா பெரியது என்றாலும், ஏணிச் சட்டகத்தின்மேல் உடலை ஏற்றி, பின்சக்கரங்களை இயக்கும் அமைப்பே அன்று அதனுடையது. ஆகவே அதன் தளம் உயர்ந்திருந்தது. எக்சோரா முன்சக்கர இயக்கம் கொண்டது. சட்டகமும் உடலும் ஒன்றாக இணைந்த கட்டமைப்பு. தளம் தாழ்ந்திருப்பதால் பாட்டி ஏறுவதும் எளிது, மூன்றாம் வரிசையில் அமர்பவர் காலை மடக்கி வைப்பதும் எளிது. பின்வரிசைகளுக்கெனக் கூரையில் குளிர்காற்றுத் துளைகள் உண்டு. நண்பகல் வெயிலில் நெரிசலில் நிற்கும் வண்டியில், காற்று எட்டாத மூன்றாம் வரிசையை இருக்கை என்றே கணக்கில் சேர்க்க முடியாது. இவையெல்லாம் பின்னால் உட்கார்ந்தால் மட்டுமே தெரிபவை. ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுதும் விமர்சனத்தில் இவை 'இடவசதி நன்று' என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகின்றன.

குறைக்கும் இதே கதிதான். 2009 மாதிரியின் 1.6 லிட்டர் கேம்ப்ரோ இயந்திரம் 125 குதிரைத்திறன் தந்தது. அதன் உச்ச முறுக்குவிசையான 150 நியூட்டன் மீட்டர் நிமிடத்துக்கு 4,500 சுழற்சியில்தான் கிடைக்கும். தானியங்கி மாதிரியில் நான்கே கியர்கள். வண்டியின் வெற்று எடை 1,400 கிலோவுக்கு மேல். ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தாலும் ஏழு பேர் 455 கிலோ; அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடை கூடுகிறது. இந்தச் சுமையோடு கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தை நோக்கிப் போகும்போது கியர் கீழே இறங்கும், இயந்திரம் உரக்க ஓலமிடும், பெட்ரோல் கரையும். தனியாக ஓட்டியவர் 'வேகம் எடுக்கச் சற்றுத் தயங்குகிறது' என்று எழுதினால், முழுக் குடும்பத்தோடு பயணிப்பவரின் சிரமத்தைக் குறைத்துச் சொல்கிறார் என்று பொருள். 2011 டிசம்பரில் எக்சோரா போல்ட் டர்போ இயந்திரத்தோடும் சி.வி.டி. கியர்ப்பெட்டியோடும் வந்தது. அதில் 205 நியூட்டன் மீட்டர் விசை 2,000 சுழற்சியிலேயே கிடைத்தது. சுமையேற்றிய வண்டிக்கு என்ன தேவை என்பதைத் தயாரிப்பாளரே இப்படி ஒப்புக்கொண்டார் எனலாம்.

பாதுகாப்பிலும் முன்வரிசைக்கே முதலிடம். பின்னிருக்கையினரும் இருக்கைவார் அணிய வேண்டும் என்ற சட்டம் மலேசியாவில் 2009 ஜனவரி 1 அன்று, எக்சோரா வருவதற்குச் சில மாதங்கள் முன்புதான், நடப்புக்கு வந்தது. டர்போ எக்சோராவுக்கு ஆஸ்திரேலியாவின் வாகனப் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான ஏன்கேப் 2013-இல் நான்கு நட்சத்திரம் கொடுத்தது. மதிக்கத்தக்க தேர்ச்சிதான். ஆனால் அத்தகைய நேர்மோதல் சோதனைகளில் பெரியவர் அளவிலான பொம்மைகள் அன்று முன்னிருக்கைகளில்தான் வைக்கப்பட்டன. மூன்றாம் வரிசை காலியாகவே இருந்தது. நட்சத்திரங்களை எண்ணி எழுதிய செய்திகள் இந்த வரம்பையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைகளை அந்த வரிசையில் உட்கார வைக்கும் பெற்றோருக்கு வேறெந்தத் தகவலையும்விட இதுவே முக்கியம்.

இனி, செய்தியாளர்களின் நிலைமை. சோதனை வண்டியைத் தருபவர் தயாரிப்பாளர். ஊடகப் பயணத்தை ஏற்பாடு செய்து தங்குமிடச் செலவை ஏற்பவரும் அவரே. பத்திரிகைக்கு விளம்பரம் கொடுப்பவரும் பெரும்பாலும் அவர்தான். இந்தப் பிணைப்பு என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் வெளிப்படையான சான்று உண்டு. 2004-இல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு பெற்ற டேன் நீல், அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸில் போன்டியாக் ஜி6 காரைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடினார். நிறுவனம் அந்த நாளேட்டுக்குத் தந்துவந்த விளம்பரங்களைச் சில மாதங்களுக்கு நிறுத்திவைத்தது. மலேசியாவில் இதோடு அரசியலும் சேர்ந்துகொண்டது. உத்துசான் மலேசியா நாளேடு ஆளுங்கட்சியான அம்னோவின் பிடியிலும், தி ஸ்டார் நாளேடு அதன் கூட்டணிக் கட்சியான ம.சீ.ச.வின் உடைமையிலும் இருந்த காலம் அது. 1984-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி 2012 வரை பத்திரிகைகள் ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பிரதமர் திறந்துவைத்த வண்டியைக் குறை சொல்ல இந்தச் சூழலில் தனித் துணிச்சல் வேண்டும்.

இதை வைத்து, புகழ்ந்தவர் எல்லாரும் விலைபோனவர் என்று முடிவு கட்டுவது அநியாயம். எக்சோராவைப் புகழ உண்மையான காரணங்கள் இருந்ததை மேலே கண்டோம். எதிர்முகாமுக்கும் நடுநிலைப் பட்டம் தானாக வந்துவிடாது. புரோட்டோன்மீது மலேசியர்களுக்கு இருக்கும் கோபத்துக்கு நியாயம் உண்டு. 1985-இல் அதன் முதல் காரான சாகா வந்த நாள்முதல், ஒரு தொழிலைக் காப்பாற்றுவதற்காகக் கார் வாங்குவோர் அனைவரும் அதிக விலை கொடுத்தார்கள். அந்தக் கோபம் வரிக்கொள்கையை நோக்கிப் போக வேண்டியது. ஒரு வண்டியின் மூன்றாம் வரிசையில் முழங்காலுக்கு இடம் இருக்கிறதா என்ற கேள்விக்கு அது விடையாகாது.

விலையைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். விமர்சனங்கள் மிக எளிதாகத் தடுமாறும் இடம் அதுதான். எக்சோராவின் தொடக்க விலை 70,000 ரிங்கிட்டுக்குச் சற்றே குறைவு. 'கொடுத்த காசுக்குத் தகும்' என்ற பாராட்டு அந்த விலையின்மேல் எழுந்தது. எம்.பி.வி.களுக்கான கலால் வரியோ அன்று 60 முதல் 105 சதவீதம் வரை. தேசியத் தயாரிப்பாளர்களுக்குத் தனிச் சலுகைகளும் இருந்தன. ஆகவே காட்சியறையில் இரண்டு விலைகளை ஒப்பிடுபவர், தம்மை அறியாமலே இரண்டு கொள்கைகளையும் ஒப்பிடுகிறார். சம்பளத்தில் மாதத் தவணை கட்டும் குடும்பத்துக்குக் காட்சியறை விலைதான் மெய். அந்தக் கணக்கில் எக்சோரா நல்ல வண்டியே. குடிமக்களாக நின்று பார்த்தால், வரியில்லாச் சந்தையில் அது எங்கே நிற்கும் என்ற கேள்வியும் மெய். ஒன்றை மற்றொன்றுக்குள் கரைக்காமல் இரண்டு கணக்குகளையும் தனித்தனியே காட்டுவதே நேர்மை. இதற்குப் பொருளாதாரப் புலமை தேவையில்லை. ஒரு பத்தி கூடுதலாக எழுதினால் போதும்.

2009 நவம்பரில் மற்றொரு மலேசிய நிறுவனமான பெரொடுவாவின் அல்சா எம்.பி.வி. வந்தது. எக்சோராவைவிடச் சிறியது, விலை குறைந்தது, விற்பனையிலோ முந்தியது. சந்தையே தீர்ப்புச் சொல்லிவிட்டதாக இதைக் காட்டுவோர் உண்டு. ஐந்து பேரோடு ஓடி, ஏழு பேரை எப்போதாவது ஏற்றும் வீட்டுக்கு அல்சா பொருத்தம். மூன்று தலைமுறை ஒன்றாகப் பயணிக்கும் வீட்டுக்கு அது நெருக்கடி. விற்பனை எண் இந்த வேறுபாட்டைச் சொல்லாது.

சோதனை முறையை மாற்ற முடியும் என்பதற்கு முன்மாதிரி உண்டு. 1936-இல் தொடங்கிய அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், தான் மதிப்பிடும் கார்களைச் சொந்தப் பணத்தில் கடைகளில் வாங்குகிறது, விளம்பரம் ஏற்பதில்லை. சுசுகி சாமுராய் வளைவுகளில் கவிழும் அபாயம் உள்ளது என்று 1988-இல் அது எழுதியதற்காகப் பின்னர் வழக்குத் தொடரப்பட்டது. பல ஆண்டுகள் இழுத்த அந்த வழக்கு 2004-இல்தான் சமரசத்தில் முடிந்தது. இத்தனை வசதி மலேசிய இதழ்களுக்கு இல்லை. இருந்தாலும் ஏழு பேரை ஏற்றி ஓட்டவும், ஒவ்வொரு வரிசையிலும் மாறி மாறி உட்காரவும், பயணச் செலவு யாருடையது என்று கட்டுரையின் தலைப்பிலேயே அச்சிடவும் பெரும் பணம் வேண்டியதில்லை. பயனீட்டாளர் இயக்கத்தை எஸ்.எம். முகமது இட்ரிஸ் போன்றவர்கள் பினாங்கில் வளர்த்தெடுத்த நாடு இது. பொருளை விற்பவரின் தயவின்றி மதிப்பிடும் மரபு இங்கே அயலானதன்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, செய்தியாளர் அந்த வண்டியிடம் திரும்பி வர வேண்டும். எக்சோரா 'டெக்ஸ்1எம்' என்ற பெயரில் வாடகைக்காராக நாள் முழுதும் ஓடியது. எந்த ஊடகப் பயணமும் தராத சோதனை அது. டர்போ இயந்திரத்தின் எண்ணெய்க் குளிர்விப்பான் குழாயில் கசிவு என்ற புகார் பரவி, அதை இலவசமாக மாற்றித் தர புரோட்டோனே பின்னாளில் முன்வந்தது. அறிமுக வாரத்து விமர்சனத்தில் இது இடம்பெற்றிருக்கவே முடியாது. எக்சோராவின் உற்பத்தி 2023-இல், பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, நின்றது. இன்று அதை வாங்குபவர் பழைய கார்ச் சந்தையில்தான் வாங்குகிறார், பெரும்பாலும் குறைந்த வருமானமும் பெரிய குடும்பமும் உள்ளவர். குழாய் மாற்றப்பட்டதா, சி.வி.டி. பெட்டி எப்படி இருக்கிறது, கூரையிலிருந்து வரும் காற்று கடைசி வரிசையை இன்னும் எட்டுகிறதா என்றுதான் அவர் கேட்கிறார். ஏழாவது இருக்கையில் உட்கார்ந்து பார்த்த செய்தியாளரால் மட்டுமே அவருக்குப் பதில் சொல்ல முடியும்.