துப்பாக்கியும் தூக்குமேடையும்: மலாயா கண்ட சட்டம்

கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லக் குடிமக்களுக்கு உரிமை அளித்தால் குற்றம் குறையுமா, பெருகுமா? அமெரிக்க நாட்டில் நெடுங்காலமாக நடந்துவரும் வாதம் இது. நம் நாடு இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. உரிமமின்றித் துப்பாக்கி ஏந்துவதையே மரண தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. அச்சட்டம் எதைச் சாதித்தது, எதைச் சாதிக்கவில்லை என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சில நாட்களுக்குள் மலாயா முழுவதும் அவசரகாலம் பிரகடனமாயிற்று. அதன் விதிகளின்படி, உரிய அதிகாரமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தவர் தூக்குமேடை ஏற நேர்ந்தது. அவர் யாரையும் சுட்டிருக்க வேண்டுவதில்லை. கையில் இருந்தமையே போதும். அதே காலத்தில் துரைமார் இடுப்பில் துப்பாக்கியுடன் பால்வெட்டு நிரைகளைச் சுற்றி வந்தனர். தோட்டங்களைக் காக்கச் சிறப்புக் காவலர் ஆயிரக்கணக்கில் சேர்க்கப்பட்டனர். ஒருவருக்குக் காப்பாக இருந்த கருவியே மற்றொருவருக்குச் சாவுச் சீட்டாயிற்று.

இருவர் கதை

இச்சட்டத்தின் தன்மையை அறியத் தமிழர் இருவரின் வழக்குகளே போதுமானவை.

முதலாமவர் எஸ். ஏ. கணபதி. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கியவர். 1949 மார்ச்சில் ரவாங் வட்டாரத்தில் ரிவால்வருடன் பிடிபட்டார். அதைக் கண்டெடுத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சென்றதாக அவர் தரப்பில் கூறப்பட்டது; நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்திய சர்க்கார் அவருக்காகப் பரிந்து பேசியும் பயனில்லை. அவ்வாண்டு மே 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். கைதுக்கும் சாவுக்கும் இடையே கழிந்தவை ஏறத்தாழ இரண்டு திங்களே.

இரண்டாமவர் சாம்பசிவம். நம் ஜொகூரில் பிடிபட்ட தமிழ் இளைஞர். துப்பாக்கி ஏந்தியது, தோட்டாக்கள் வைத்திருந்தது என அவர்மீது இரு குற்றச்சாட்டுகள். தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து நீதிமன்றம் அவரை விடுவித்தது. துப்பாக்கிக் குற்றச்சாட்டை மட்டும் மீண்டும் விசாரிக்க ஆணையிட்டது. மறுவிசாரணையில் அரசுத் தரப்பு ஒரு வாக்குமூலத்தை முன்வைத்தது. அதில் துப்பாக்கியும் தோட்டாவும் சேர்ந்தே பேசப்பட்டிருந்தன. மரண தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவி கௌன்சில் வரை சென்றது. ஒரு குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டவரை அது குறித்து நிரபராதி என்றே பின்வரும் விசாரணையிலும் கொள்ள வேண்டும் என 1950-இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது. சாம்பசிவம் உயிர் தப்பினார். இந்திய உச்ச நீதிமன்றம் 1956-இல் இந்நெறியை எடுத்தாண்டது. இன்றும் காமன்வெல்த் நாடுகளின் சட்ட நூல்களில் அந்தத் தமிழ் இளைஞரின் பெயர் நின்று நிலவுகிறது.

அச்சம் பயன் தந்ததா?

தூக்குக் கயிற்றுக்கு அஞ்சி வன்முறை ஓய்ந்திருக்குமாயின், 1949-இலேயே ஓய்ந்திருக்க வேண்டும். ஆனால் தாக்குதல்கள் 1951-இல்தான் உச்சத்தை எட்டின. அவ்வாண்டு அக்டோபரில் பிரேசர் மலைச் சாலையில் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னியே சுட்டுக் கொல்லப்பட்டார். நிலைமையை மாற்றியவற்றுள் முதன்மையானவை பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்களைப் புதுக் கிராமங்களில் குடியேற்றியது, உணவுக் கட்டுப்பாடு, சுதந்திரத்தை நோக்கிய அரசியல் முன்னேற்றம் ஆகியவையே.

அவசரகாலம் 1960-இல் முடிவுற்றது. சட்டத்தின் கடுமை முடியவில்லை. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தொடர்ந்து ஏந்திற்று. துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் சட்டம் 1971-இல் வந்தது. அதன் பின்னரும் போத்தாக் சின் என்பவனின் கும்பல் தலைநகரை நடுங்க வைத்தது. அவன் 1976-இல் பிடிபட்டு 1981-இல் தூக்கிலிடப்பட்டான்.

ஆயின் இச்சட்டங்களால் பயனே இல்லை எனலாமா? அதுவும் பொருந்தாது. உரிமம் அரிதாகவே வழங்கப்படுவதால் நம் நாட்டுச் சாதாரண இல்லங்களில் துப்பாக்கி காண்பதற்கரிய பொருள். வாய்ச்சண்டை முற்றினாலும் கைக்கு எட்டும் இடத்தில் அது இல்லை. இந்நன்மையைத் தந்தது துப்பாக்கியின் அருமை. தூக்குக் கயிறு தந்ததென்று கொள்ளச் சான்று போதாது.

அமெரிக்க அனுபவமும் இதற்கு அரண் செய்கிறது. ஆயுதம் ஏந்தும் உரிமை விரிந்தால் குற்றம் குறையும் என்று ஜான் லாட் என்பார் 1998-இல் நூல் எழுதினார். அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2004-இல் ஆய்ந்து, கிடைத்த சான்றுகள் இரு தரப்பின் முடிவையும் உறுதி செய்யவில்லை என்றது. ஜான் டோனஹியூவும் அவர்தம் குழுவினரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வோ, அச்சட்டம் வந்த பத்தாண்டுகளில் வன்குற்றங்கள் எதிர்பார்க்கத்தக்க அளவினும் 13 முதல் 15 விழுக்காடு மிகுந்திருந்தன என மதிப்பிட்டது.

'வெருவந்த செய்யாமை' அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் அரசன் கோலைக் கடுமையாக ஓங்குவான். ஆனால் மெல்லவே வீழ்த்துவான். நம் நாடு 2023-இல் கட்டாய மரண தண்டனையை நீக்கி, நீதிபதி சீர்தூக்கிப் பார்க்க இடமளித்தது. துப்பாக்கிக் கட்டுப்பாடு தளரவில்லை. வீழும் கோலுக்கு மட்டும் நிதானம் வந்துள்ளது.

ஆசிரியப் பெருமக்கள் கணபதியின் பெயரை வகுப்பில் சொல்லும்பொழுது சாம்பசிவத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லல் வேண்டும். ஒரே சட்டம், ஓராண்டுக்குள் ஒருவர் மாண்டார், மற்றவர் மீண்டார். மேல்முறையீடு என்பது ஏன் வேண்டும் என்று மாணவர் கேட்டால், விடை அவ்விரு பெயர்களிலேயே இருக்கிறது.